பக்கவாசலும் வாசலே!

ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. அன்று நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு விசித்திரமான துக்கம் குடிபுகுகிறது. பிள்ளை தோற்றுவிடவில்லை; தேறித்தான் இருக்கிறான். ஆனால், நினைத்த படிப்புக்கு வேண்டிய ‘கட்ஆஃப்’ வரவில்லை. 200-க்கு 180 வேண்டியிருக்க, கையில் 130 தான் இருக்கிறது. உடனே வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது. மகன் என்றால் பெங்களூரில் யாரோ உறவினரின் கடைக்கு. மகள் என்றால் நிக்காஹ் பேச்சுக்கு. அந்தத் தீர்ப்பை எந்தப் பல்கலைக்கழகமும் எழுதவில்லை. வாப்பாவும் மாமாவும் கூடத்தில் உட்கார்ந்து எழுதிவிடுகிறார்கள்.

அத்தீர்ப்பை எதிர்த்து வழக்காடவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

உயர்கல்வி என்னும் மாளிகைக்கு மூன்று வாசல்கள் உண்டு. மதிப்பெண்ணோடு வருவோர்க்குத் தலைவாசல். பணமூட்டையோடு வருவோர்க்குப் பின்வாசல். இரண்டும் இல்லாதோர்க்கென்று அரசே சட்டப்படி திறந்து வைத்திருப்பது பக்கவாசல். தலைவாசல் அடைபட்டதும் நம்மவருள் வசதியுள்ளோர் பின்வாசலுக்கு ஓடுகின்றனர். வசதியற்றோர் வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றனர். பக்கவாசலை ஏறெடுத்துப் பார்ப்பவர் சிலரே. பின்வாசல் கௌரவமாம், பக்கவாசல் கேவலமாம்! இந்தத் தலைகீழ் மதிப்பீடுதான் நம் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் அறுக்கிறது என்பது நம் குற்றச்சாட்டு.

அளவுகோலின் கதை

கட்ஆஃப் என்பது என்ன? பொறியியலுக்கென்றால் கணித மதிப்பெண் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கும் குறுக்கப்பட்டு, 200-க்கு ஒரு கூட்டுத்தொகை போடப்படுகிறது. அத்தொகையின்படி மாணவர் வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். நியாயவிலைக் கடையில் சீட்டு எண் கொடுப்பது போன்ற ஏற்பாடு அது. பின்னால் எண் கிடைத்தவனுக்குப் பசி குறைவு என்று எவரேனும் சொல்வாரா?

அந்த அளவுகோலேனும் நிலையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பி.யூ.சி. என்னும் புகுமுக வகுப்பு இருந்த காலம் ஒன்று. 1978 இல் மேல்நிலைக் கல்வி வந்து அதன் இடத்தைப் பிடித்தது. 1984 இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு புகுத்தப்பட்டது. நாட்டுப்புறத்துப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் அது வடிகட்டித் தள்ளுகிறது என்ற குரல் ஓங்கி, இருபதாண்டுகளுக்குப் பிறகு சட்டம் இயற்றி அரசு அதை நீக்கிற்று. 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. மருத்துவத்துக்கோ 2017 முதல் ‘நீட்’ வந்து அமர்ந்துகொண்டது. இத்தனை முறை மாற்றி மாற்றி அளந்த கோலைக் கையில் வைத்துக்கொண்டு, ‘உன் மூளை இவ்வளவுதான்’ என்று பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது? 2006 இல் நுழைவுத் தேர்வால் தள்ளப்பட்ட அண்ணனைவிட 2007 இல் இடம் பெற்ற தம்பி அறிவாளி என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. மாறியது விதி, மூளை மாறவில்லை.

தருமபுரியின் தரை

சமதரையில் ஓடினாலேனும் பந்தயம் நியாயமானது எனலாம். தருமபுரி மாவட்டத்தின் தரை எப்படிப்பட்டது? 1965 அக்டோபர் 2 ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து இம்மாவட்டம் பிறந்தது. அரசு கலைக் கல்லூரியும் அவ்வாண்டிலேயே வந்தது. பின்னர் 1994 இல் பர்கூரில் அரசு பொறியியற் கல்லூரி கிடைத்தது. 2004 இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது பர்கூர் அங்கே போய்விட்டது. தருமபுரிக்கென்று மருத்துவக் கல்லூரி வந்தது 2008 இல். செட்டிக்கரையில் அரசு பொறியியற் கல்லூரி வந்தது 2013 இல். அரசு சட்டக் கல்லூரி வந்தது 2017 இல். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநிலத்திலேயே கடைசி இடம்.

இம்மாவட்டத்தில் நம்மவர் தொகை சிறிது. புளி மண்டியிலும் தக்காளிச் சந்தையிலும் கறிக்கடையிலும் சிறு வணிகத்திலும் பிழைப்பவர் பலர். வீட்டில் தக்கணி உர்தூ, தெருவில் தமிழ், பாடநூலில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே தடுமாறி வரும் பிள்ளைகளும் உண்டு. தாய் தந்தையர் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டாத வீடுகள் எத்தனையோ. அத்தகைய வீட்டிலிருந்து வந்து 130 எடுத்தவனையும், இரு பெற்றோரும் பட்டதாரிகளாய், பாடத்துக்கொரு தனி ஆசிரியர் வைத்துப் படித்து 180 எடுத்தவனையும் ஒரே தராசில் நிறுத்தி, முன்னவனை மட்டி என்பது அறிவுடைமையாகுமா?

இக்குறையைப் பணத்தால் மூடிவிடலாம் என்று சிலர் புறப்படுகின்றனர். ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி, உறைவிடப் பள்ளி ஒன்றில் அடைக்கின்றனர். அவ்வகைப் பள்ளிகளுக்கு மக்களே ‘கோழிப்பண்ணை’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இவ்வாறு பிடுங்கி நடுவதால் இழப்பது என்ன என்பதை அவர்கள் அறிவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2020 இல் சட்டமாயிற்று. 2021 இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. கடன் பட்டுக் கட்டணம் செலுத்தி, கையிலிருந்த உரிமையையும் தொலைத்துவிட்டு வருகிறோம். இதற்குப் பெயர் கல்வி ஆர்வமா, ஜம்பமா?

பக்கவாசல்கள் எவை?

இனி, அடைபட்டதாக நாம் நினைக்கும் மாளிகையைச் சுற்றி வந்து பார்ப்போம்.

முதலாவது, தலைவாசலே முற்றும் அடைபடவில்லை. பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்து 40 விழுக்காடு இருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்குத் தகுதி உண்டு. ஒரு பாடத்தில் தவறியவர், முடிவு வந்த சில வாரங்களிலேயே நடக்கும் துணைத் தேர்வை எழுதித் தேறி, துணைக் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். அண்மைப் பதினைந்தாண்டுகளில் பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமல் கிடந்ததைக் கண்டோம். ஆயினும், ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் சரியில்லாமையால் காலியாகக் கிடக்கும் கல்லூரியில் போய் விழுவதைவிட மேலான வழி ஒன்றுண்டு.

அது பாலிடெக்னிக். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்களோ தொழிற்பாடமோ படித்துத் தேறியவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே நேரே சேரலாம். பட்டயம் பெற்றவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். அதற்கென்று தனிக் கலந்தாய்வு உண்டு. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியற் கல்லூரி அதைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கிறது. அங்கே பார்க்கப்படுவது பட்டய மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற 130 அங்கே எவர் கண்ணிலும் படாது. தலைவாசலில் நின்றிருந்தால் பெயர் தெரியாத கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவன், பட்டயத்தில் நன்றாகப் படித்து அரசுக் கல்லூரியிலேயே இரண்டாம் ஆண்டு மாணவனாக அமரலாம்.

‘காலம் வீணாகுமே’ என்பார் உளர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நேரே பி.இ. என்றால் நான்கு ஆண்டு. பாலிடெக்னிக்கில் இரண்டு ஆண்டு, பி.இ. மூன்று ஆண்டு என்றால் ஐந்து. கூடுதல் ஓராண்டுதான்; அந்த ஓராண்டுக்குக் கூலியாகப் பட்டயச் சான்றிதழ் ஒன்றும் கையில் இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்தவுடனே பாலிடெக்னிக்கில் சேர்ந்தவனுக்கோ ஒரு நாள்கூட வீணாகாது. மேல்நிலைக் கல்வி இரண்டும் பி.இ. நான்கும் ஆறு, பட்டயம் மூன்றும் பி.இ. மூன்றும் அதே ஆறு. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு பயின்றவனும் பட்டயத்தின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவனுக்கு மொத்தம் ஏழு ஆண்டு. கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரியும் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரத் தகுதியுடையவன். அவனுக்கு இரண்டு பட்டம்.

பிற துறைகளிலும் இவ்வாறே. டி.பார்ம். முடித்தவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் சேரலாம். செவிலியர் பட்டயம் பெற்றவர் மேலும் இரண்டாண்டு படித்து பி.எஸ்சி. செவிலியர் பட்டம் பெறலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு இடம் கிடைக்காதவர், ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். இரு வழியில் வந்தவருக்கும் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி ஒன்றுதான்.

மருத்துவம் ஒன்றுக்குத்தான் பக்கவாசல் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எம்.பி.பி.எஸ். வேண்டுமாயின் நீட் எழுதியே ஆக வேண்டும். ஒருமுறை திரும்ப எழுதுவதில் குற்றமில்லை. ஆனால், மூன்றாண்டு நான்காண்டு பயிற்சி நிலையத்திலேயே பிள்ளையின் வாலிபத்தைக் கரைத்துவிட்டு, மருந்தியலும் செவிலியர் பயிற்சியும் இயன்முறை மருத்துவமும் ‘நம் தகுதிக்குக் குறைவு’ என்பது பேதைமை.

பக்கவாசல் என்பது ஏழை நாட்டின் ஒட்டுவேலை என்றும் எவரும் எண்ண வேண்டா. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1960 இல் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில், ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறும் பாதை அடிப்படையாகவே அமைக்கப்பட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 இல் முன்தகுதி எதுவும் கேளாமல் மாணவரைச் சேர்த்தது. பதினேழு வயதில் ஒருவனின் வாழ்க்கையை முடித்து எழுதிவிடக் கூடாது என்ற தெளிவு அந்நாடுகளுக்கு இருந்தது.

இராமேசுவரத்துச் சான்று

வேறெங்கோ போவானேன்? நம் வீட்டுச் சுவர்களில் படமாகத் தொங்கும் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் எந்த வாசலில் நுழைந்தார்? திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியலில் பி.எஸ்சி. முடித்த பிறகுதான், தமக்கு உரியது பொறியியல் என்று அவர் கண்டார். அக்காலத்தில் பி.எஸ்சி. பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்ட சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விண்ணப்பித்தார். ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்ட வழியில்லை. சகோதரி ஜொஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். பின்னர் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போன இருபத்தைவருள் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். எடுத்துக்கொள்ளப்பட்டவர் எட்டுப் பேர். ஓர் இடத்தில் வாய்ப்பை இழந்த அந்த மனிதர்தாம் பின்னாளில் இந்நாட்டு ஏவுகணைத் திட்டத்தை நடத்தி, 2002 இல் குடியரசுத் தலைவருமானார். அவர் பேசிய கனவுகளை மேடைதோறும் எடுத்துரைக்கும் நம் பேச்சாளர்கள், அவர் நுழைந்த வாசலைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அந்தச் சகோதரியின் வளையல்களைப் பற்றியும் அவர்கள் பேசட்டும். நம் வீட்டு நகைகள் சீதனத்துக்காக மட்டுமே அடகுக் கடைக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பின்வாசலின் விலை

இப்போது பின்வாசலைப் பார்ப்போம். அங்கே முதலில் நிற்பவர் தரகர். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாக அவர் இலட்சங்களில் பேசுகிறார். ஆனால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால் மட்டுமே கிடைப்பவை சில உண்டு. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, தக்கணி, ஷேக், சையத், மாப்பிள்ளா, அன்சர், துதேகுலா ஆகிய ஏழு பிரிவினர்க்கும் அது உரியது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010 இல் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. பணம் கொடுத்து இடம் வாங்குவோர்க்கு இவ்விரண்டும் இல்லை. போராடிப் பெற்ற உரிமையைப் புறங்கையால் தள்ளிவிட்டு, காசு கொடுத்து அடிமைச்சீட்டு வாங்குகிறோம்.

அடுத்து நிற்பவர், ‘வகுப்புக்கே வர வேண்டா, பட்டம் வீட்டுக்கு வரும்’ என்பவர். பொறியியலை அஞ்சல்வழியில் கற்பிக்க முடியாது என்று 2017 நவம்பர் 3 ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில உரிய ஒப்புதலின்றி அளித்த அஞ்சல்வழிப் பொறியியற் பட்டங்கள் அத்தீர்ப்பால் ஆட்டம் கண்டன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பெறும் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று தமிழ்நாட்டில் 2009 இல் அரசாணை பிறந்தது. திறந்தநிலைக் கல்வி தீயதென்று நாம் சொல்லவில்லை. முறையாகப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, 2002 இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டமோ வணிகப் பட்டமோ பெறுவது நேர்மையான வழிதான். படிகளைத் தாண்டிக் குதிக்கச் சொல்பவரையே நம்பக் கூடாது.

மூன்றாமவர், ‘நீட் எதற்கு? வெளிநாட்டில் மருத்துவராகி வரலாம்’ என்பவர். 2018 இலிருந்து, நீட் தேறாமல் வெளிநாடு சென்று மருத்துவம் படித்தவர்க்கு இந்தியாவில் மருத்துவராகப் பதிவு கிடையாது. தேறிச் சென்றவரும் திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும். நிலத்தை விற்றுப் பயணச்சீட்டு வாங்குமுன் இவ்விரண்டு வாக்கியங்களைத் தரகரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மாறுவதைக் காண்பீர்கள்.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

‘டிப்ளமோக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்?’ என்று கேட்கின்றனர். அவன் மூன்றாண்டில் பி.இ. பட்டம் பெற்றுவிடுவான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கடை எடுபிடிக்கும், இலட்சக் கடனோடு வேலையின்றித் திரியும் பட்டதாரிக்கும் பெண் கொடுப்போர், கைத்தொழில் கற்றவனுக்கு மட்டும் கொடுக்க மாட்டார்களா? ஓசூர் ஆலைகள் நம் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கின்றன. எந்திரத்தின் முன் நிற்கத் தெரிந்தவனைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.

இன்னொரு மறுப்பு கவனிக்கத் தக்கது. ‘பட்டயம் படித்து வந்தவன் பி.இ. வகுப்பில் கணிதத்தில் திணறுகிறான்’ என்பர். உண்மைதான். முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலே மூன்றாம் பருவத்துக் கணிதத்தை அவன் எதிர்கொள்கிறான். பட்டறையில் மற்றவரை முந்துகிறவன் கணக்குத் தாளில் பின்தங்குகிறான். ஆனால், நோய் தெரிந்தால் மருந்து கொடுப்பதே முறை. இரண்டு மாதக் கோடை விடுமுறையில் ஓர் ஆசிரியர் பொறுமையாகக் கற்பித்தால் தீரக்கூடிய குறை இது. இதைக் காட்டி வாசலையே சாத்துவது நியாயமன்று.

பெண்மக்கள்

இவ்வளவும் ஆண்பிள்ளைகளுக்கே என்று எவரேனும் எண்ணினால் அவர்க்கும் நம் எதிர்ப்பு உண்டு. குறைந்த வயதுத் திருமணங்களுக்குப் பெயர்பெற்றுவிட்ட மாவட்டம் இது. மதிப்பெண் குறைந்த மகனுக்கு இரண்டாம் வழி தேடும் தந்தை, மகளுக்குக் குறைந்தால் உள்ளூர நிம்மதி அடைகிறார். படிக்கவைக்க மறுத்தார் என்ற பழி தம்மேல் விழாமல் மதிப்பெண் காப்பாற்றிவிட்டதே! இந்தப் போலி நிம்மதியை நாம் வெறுக்கிறோம். நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியை 1955 இல் தொடங்கியபோது இருந்த தயக்கங்களையே இன்னமும் பேசிக்கொண்டிருப்பதா? அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, பட்டப் படிப்போடு பட்டயப் படிப்பையும் தொழிற்பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. அரசு பார்த்த பக்கவாசலைத் தந்தை பார்க்க மறுக்கலாமா?

செய்ய வேண்டுவன

நம் ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்துகின்றன. முதல் மூன்று இடம் பெற்றவர்க்குப் பொன்னாடையும் கேடயமும் வழங்கப்படுகின்றன. மகிழ்ச்சியே. ஆனால், அந்த மூவரும் நம் உதவியின்றியே முன்னேறக் கூடியவர்கள். அன்று விழாவுக்கு வராமல் வீட்டில் முகம் புதைத்துக் கிடக்கும் முப்பது பேர் யார் என்று எந்த முத்தவல்லியிடமாவது பட்டியல் உண்டா? பைத்துல்மால் பணத்தில் நூறு கேடயம் வாங்குவதைவிட, பாலிடெக்னிக் விடுதிக்கு இரண்டு பிள்ளைகளின் கட்டணம் கட்டுவது மேலானது.

ஆகவே, தருமபுரி மாவட்டத்து மஹல்லாக்கள் அனைத்துக்கும் நாம் சொல்வது இது. தேர்வு முடிவு வருமுன்பே சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கட்டும். முடிவு வந்த வாரத்திலேயே, மதிப்பெண் குறைந்தவர் வீடுகளுக்கு விவரம் அறிந்த இருவர் செல்லட்டும். பாலிடெக்னிக் விண்ணப்பங்களும் அதே நாட்களில்தான் வழங்கப்படுகின்றன. ஒரு மாதம் அழுது தீர்த்தால் அந்த வாசலும் சாத்தப்பட்டுவிடும். படித்து வேலையில் இருக்கும் நம் வாலிபர்கள் கோடையில் கணித வகுப்பு நடத்தட்டும். தலைமை ஆசிரியர்கள் மதிப்பெண் பட்டியலைக் கொடுக்கும் கையாலேயே மாற்றுவழிகளின் பட்டியலையும் கொடுக்க வேண்டும் என்று அரசிடம் கோருவோம். பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதிகளைப் பெருக்க வேண்டும் என்றும் கோருவோம்.

இவற்றில் எதுவும் கோடி ரூபாய்க் காரியமன்று. நம் நாவில் ஊறிப்போன ஒரு சொல்லை மட்டும் துறக்க வேண்டும். மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து ‘அவ்வளவுதான்’ என்கிறோமே, அந்தச் சொல். ஒரு பிள்ளையின் வாழ்வில் அதைச் சொல்லும் அதிகாரம் தேர்வுத் துறைக்கே இல்லாதபோது, வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் எங்கிருந்து வந்தது?